ஜப்பான் ரயில், சீனத் துறைமுகம், இந்தியச் சூரிய மின்சாரம்: பிற நாட்டுப் பணத்தில் நடக்கும் திட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடபழனியிலிருந்து போரூர் போகும் ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்து வருடக்கணக்காகிறது. கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர் கால் வைக்கும் நடைமேடை இந்தியா கொடுத்த கடனில் எழுந்தது. இரண்டுக்கும் பின்னால் ஓர் அரசும் இன்னோர் அரசும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. பணம் எந்த நாட்டுடையது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. இந்தப் பக்கம் முழுக்க அந்த இரண்டாவது கேள்விக்காகவே எழுதியது.

ஒரு நாடு இன்னொரு நாட்டில் பணம் போடுவது என்றால், அது கடனா, தானமா, முதலீடா?

மூன்றும் உண்டு. மூன்றையும் சேர்த்து ‘உதவி’ என்று செய்தியில் எழுதிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

தானம் என்றால் திருப்பித் தர வேண்டாம். இலங்கையின் வடகிழக்கிலும் மலையகத்திலும் இந்தியா கட்டித்தந்த 50,000 வீடுகள் அப்படி வந்தவை. கடன் என்றால் வட்டியோடு திருப்ப வேண்டும், வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும். முதலீடு என்றால் வருகிறவர் லாபத்தில் பங்கு கேட்பார். கொழும்புத் துறைமுகத்தின் மேற்கு முனையத்தில் அதானி குழுமத்துக்கு 51 சதவீதம், இலங்கை நிறுவனமான ஜோன் கீல்ஸுக்கு 34 சதவீதம், இலங்கைத் துறைமுக அதிகாரசபைக்கு 15 சதவீதம் என்று பங்கு பிரித்திருப்பது இந்த வகை.

ஒரு வகையில் ஆரம்பித்து இன்னொரு வகையில் முடிவதும் உண்டு. இலங்கையின் வடக்கே காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க 2018இல் இந்தியா 4.5 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. 2024இல் அதைக் கைவிட்டு, முழுச் செலவான 6.15 கோடி டாலரையும் தானமாகவே தருவதாக முடிவானது. கடனாளி நாடு திவாலான பிறகு கடன் கொடுத்தால் திரும்பி வராது என்பது ஒரு காரணம். அதே துறைமுகத்தில் வேறு யாரும் வந்துவிடக் கூடாது என்பதும் காரணம்தான் என்று நான் நினைக்கிறேன்.

தமிழ்நாடு அரசு ஜப்பானிடம் நேரடியாகக் கடன் வாங்கலாமா?

முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 293ஆவது பிரிவு, மாநிலங்கள் இந்திய எல்லைக்குள் மட்டுமே கடன் வாங்கலாம் என்கிறது. அதனால் வெளிநாட்டுக் கடனில் கையெழுத்துப் போடுவது ஒன்றிய அரசு. வாங்கிய பணத்தை அது மாநிலத்துக்கு மாற்றிவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி 2005 ஏப்ரலிலிருந்து, வெளிநாட்டுக் கடன் என்ன நிபந்தனையில் வந்ததோ அதே நிபந்தனையில் மாநிலத்தின் தலையில் ஏறுகிறது. வட்டி குறைவு என்ற நன்மையும் மாநிலத்துக்குத்தான், நாணய மதிப்பு மாறினால் வரும் நஷ்டமும் மாநிலத்துக்குத்தான்.

சென்னை மெட்ரோவில் ஜப்பான் பணம் எவ்வளவு?

முதல் கட்டம் சுமார் 45 கிலோமீட்டர். 2009இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது மதிப்பீடு 14,600 கோடி ரூபாய். அதில் ஏறத்தாழ 59 சதவீதம் ஜைக்கா கடன். ஜைக்கா என்பது ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை, அந்நாட்டு அரசின் கை. முதல் கடன் ஒப்பந்தம் 2008 நவம்பரில் கையெழுத்தானது. கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை முதல் ரயில் ஓடியது 2015 ஜூன் 29. கையெழுத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஆறரை ஆண்டுகள்.

இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். இங்கே ஜைக்கா மட்டும் இல்லை. ஆசிய வளர்ச்சி வங்கி, பெய்ஜிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, பிரிக்ஸ் நாடுகள் தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கி மூன்றும் சேர்ந்திருக்கின்றன. எல்லையில் இந்தியாவும் சீனாவும் முறைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில்கூட, மற்ற எல்லா நாடுகளையும்விடச் சீனா அதிகப் பங்கு வைத்திருக்கும் ஆசிய உள்கட்டமைப்பு வங்கியில் இந்தியா கடன் வாங்கிக்கொண்டேதான் இருந்தது. அந்த வங்கியில் அதிகம் கடன் பெற்ற நாடும் இந்தியாதான்.

இந்த இரண்டாம் கட்டம் முதலில் மாநிலத் திட்டமாகவே நடந்தது, செலவின் பெரும்பங்கு மாநிலத்தின் தலையில். 2024 அக்டோபர் 3 அன்றுதான் ஒன்றிய அமைச்சரவை அதைத் தன் திட்டமாக ஏற்றது. 33,593 கோடி ரூபாய் கடன் முழுவதும் ஒன்றியக் கணக்குக்குப் போனது. மூலதனமாகவும், மற்ற கடன்கள் தீர்ந்த பிறகு கட்ட வேண்டிய துணைக்கடனாகவும் ஒன்றிய அரசிடமிருந்து 7,425 கோடி வந்தது. ஆனாலும் கடனைத் திருப்ப வேண்டியது மெட்ரோ நிறுவனம். அதனால் முடியாவிட்டால் கைகொடுக்க வேண்டியது மாநில அரசு. டிக்கெட் விலையைப் பற்றி நாளைக்கு வாக்குவாதம் வரும்போது இந்த வாக்கியம் ஞாபகம் இருக்கட்டும்.

0.1 சதவீத வட்டி என்றால் கிட்டத்தட்ட இலவசம்தானே?

மும்பை – அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு ஜப்பான் தந்த வாக்குறுதி அது: செலவில் 81 சதவீதம் கடன், 0.1 சதவீத வட்டி, 50 ஆண்டுத் தவணை, முதல் 15 ஆண்டு அசல் கட்ட வேண்டாம். கேட்க இலவசம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் விலை ஒளிந்திருக்கிறது.

ஒன்று, நாணயம். கடன் யென்னில். நமக்கு வருமானம் ரூபாயில். 2011–12இல் ஒரு டாலருக்கு 80 யென்கூடக் கிடைக்கவில்லை, 2024இல் 160ஐத் தாண்டியது. யென் விழும் காலத்தில் கட்டுகிறவருக்கு லாபம், ஏறும் காலத்தில் அதே அளவு வலி. அதுவும் ஐம்பது ஆண்டு ஓடும் கடனில் யென் எப்படிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு, கொள்முதல். ஜப்பானின் மிகச் சலுகையான கடன்களில், குறைந்தது 30 சதவீதப் பொருளும் சேவையும் ஜப்பானிலிருந்து வாங்க வேண்டும் என்ற விதி உண்டு. இந்தியாவும் இதைத்தான் செய்கிறது. ஏற்றுமதி–இறக்குமதிக்கான அரசு வங்கியான எக்சிம் வங்கி வழியாக இந்தியா தரும் கடன் வரம்புகளில் பொதுவாக 75 சதவீதம் இந்தியாவிலிருந்து வாங்க வேண்டும். சீன எக்சிம் வங்கிக் கடனில் ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் சீன நிறுவனமே. போட்டி இல்லாத இடத்தில் பொருளின் விலை ஏறும். வட்டியில் விட்டதை விலையில் பிடித்துக்கொள்ளலாம். அதனால் வட்டி விகிதத்தை மட்டும் வைத்து இரண்டு கடன்களை ஒப்பிடாதீர்கள். ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவு என்று சேர்த்துப் பாருங்கள்.

ஜப்பான் ஏன் இப்படிக் கொடுக்கிறது? அதற்கு என்ன லாபம்?

அதன் நிறுவனங்களுக்கு வேலை, அதன் தொழில்நுட்பத்துக்குச் சந்தை, ஆசியாவில் சீனாவுக்கு ஈடு நிற்கும் செல்வாக்கு. இதெல்லாம் சரி. கூடவே எனக்குப் பிடித்த ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1961இல் ஜப்பான் தன் முதல் புல்லட் ரயில் பாதைக்காக உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கியது. உலக வங்கிக் கடன்களை அது முழுசாகக் கட்டி முடித்தது 1990இல். கடன் வாங்கிப் பாதை போட்ட நாடு இன்று மற்றவர்களின் பாதைக்குக் கடன் தருகிறது. கடன் என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுகிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கடனுக்குப் பதிலாகச் சீனா பறித்துக்கொண்டதா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பதில் ‘ஆமாம்’. நடந்தது வேறு.

இலங்கையின் தென்கரையிலுள்ள இந்தத் துறைமுகத்தின் முதல் கட்டத்துக்கு 2007இல் சீன எக்சிம் வங்கி 30.7 கோடி டாலர் கொடுத்தது. வட்டி 6.3 சதவீதம், நிலையானது. ஒரு நிமிடம் நின்று கணக்குப் போடுங்கள். முழுத்தொகைக்கும் ஓர் ஆண்டு வட்டி சுமார் 1.93 கோடி டாலர். இதே தொகைக்கு 0.1 சதவீத வட்டி என்றால் சுமார் 3 லட்சம் டாலர். வேறுபாடு அறுபது மடங்குக்கு மேல். அப்புறம் இரண்டாம் கட்டத்துக்கு 2012இல் இன்னும் 75.7 கோடி டாலர், அதில் வட்டி 2 சதவீதம்.

துறைமுகம் 2010 நவம்பரில் திறந்தது. 2012 முழுவதும் அங்கே வந்த கப்பல்கள் 34. கொழும்புக்கோ அதே ஆண்டில் 3,600க்கு மேல். வருமானம் இல்லாத துறைமுகம் வட்டியைக் கட்டாது. அரசின் பொதுக் கருவூலம் கட்டியது.

2017 ஜூலையில் 70 சதவீதப் பங்கை 99 ஆண்டு குத்தகைக்கு சைனா மெர்ச்சண்ட்ஸ் நிறுவனத்துக்கு இலங்கை கொடுத்தது. கிடைத்தது 112 கோடி டாலர். எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான்: அந்தப் பணத்தால் துறைமுகக் கடன் தீரவில்லை. சீன எக்சிம் வங்கிக்குக் கட்ட வேண்டியது அப்படியே இருந்தது. வந்த டாலர் அந்நியச் செலாவணி இருப்பில் சேர்ந்தது, ஏனென்றால் அப்போது இலங்கையை நெருக்கிக்கொண்டிருந்தது பன்னாட்டுச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோதும் அதன் கடனில் பெரிய துண்டு சீனாவுடையது அல்ல. சுமார் 1,250 கோடி டாலர் மதிப்புள்ள அந்தப் பத்திரங்களே பெரிது.

ஆக, சீனா பறித்தது என்று சொல்வது சரியில்லை. சீனாமேல் தவறே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. சரக்கு வருமா என்று பார்க்காமல் கட்டத் துணிந்தது கொழும்பில் இருந்த ஆட்சி. பார்க்காமலே 6.3 சதவீதத்துக்குப் பணம் கொடுத்தது வங்கி. இருவரும் போட்ட ஒப்பந்தத்துக்கு வட்டி கட்டியது மாத்தறையில் மீன் விற்றவரும் மன்னாரில் நெல் போட்டவரும்.

கொழும்பு இலகு ரயில் என்ன ஆச்சு?

2019 மார்ச்சில் ஜைக்காவோடு கையெழுத்தானது. வட்டி 0.1 சதவீதம், 40 ஆண்டு, முதல் 12 ஆண்டு அசல் இல்லை. மாலபேயிலிருந்து கோட்டை வரை, கொழும்பில் மிக நெரிசலான பாதையில் ஓட வேண்டிய ரயில். 2020 செப்டம்பரில் செலவு அதிகம் என்று சொல்லி கோத்தாபய ராஜபக்ச அரசு தன்னிச்சையாக ரத்துசெய்தது. இரண்டே ஆண்டில் நாடு திவாலானது. கடன் மறுசீரமைப்புக் குழுவில் இந்தியா, பிரான்ஸ் இவற்றோடு இணைத்தலைமையில் உட்கார்ந்திருந்தது அதே ஜப்பான். ஜப்பான் பணத்தில் நின்றுபோயிருந்த 11 திட்டங்கள் மறுபடி நகர 2024 ஜூலை ஆனது.

வேண்டாம் என்று சொல்ல ஒரு நாட்டுக்கு முழு உரிமை உண்டு. அதைக் கையெழுத்துக்கு முன்னால் சொன்னால் செலவில்லை.

யாழ்ப்பாணத் தீவுகளில் சீனாவா இந்தியாவா என்று ஒரு சண்டை நடந்ததே, அது என்ன?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் தரையிலிருந்து மின்கம்பி கிடையாது. டீசல் இயந்திரம்தான் மின்சாரம் தரும். நெடுந்தீவுக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு லிட்டர் டீசலும் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறித்தான் வர வேண்டும். காற்றுக்கும் வெயிலுக்கும் பஞ்சமில்லாத ஊரில் டீசலை ஏற்றி இறக்கி விளக்கு எரிப்பது யாருக்கும் கட்டுபடி ஆகாது. சூரிய ஒளியும் காற்றாலையும் மின்கலனும் சேர்ந்த நிலையம் என்பது நல்ல யோசனை.

இதற்கு ஆசிய வளர்ச்சி வங்கி நிதி தர முன்வந்தது, டெண்டர் விட்டார்கள், 2021 ஜனவரியில் சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை கிடைத்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் சீன நிறுவனமா என்று டெல்லி எதிர்த்தது. ‘மூன்றாம் தரப்பின்’ பாதுகாப்புக் கவலையால் நிறுத்துகிறோம் என்று 2021 இறுதியில் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் சொன்னது. 2022 மார்ச்சில் அதே திட்டத்தை 1.1 கோடி டாலர் இந்தியத் தானத்தில் செய்ய உடன்படிக்கை கையெழுத்தானது.

இலங்கைக் கஜானாவுக்கு இது லாபம். கடனாக வந்திருக்கக்கூடியது தானமாக வந்தது. ஆனால் டெண்டரில் ஜெயித்தவரை அரசியல் காரணத்துக்காக விலக்கினால், அடுத்த டெண்டருக்கு விலை கேட்டு வருகிறவர் அந்த அபாயத்தையும் விலையில் சேர்ப்பார். இன்னொன்று எனக்கு உறுத்துகிறது. இந்த இழுபறி முழுக்க டெல்லி, பெய்ஜிங், கொழும்பு என்ற மூன்று பெயர்களில் எழுதப்பட்டது. இரவில் எத்தனை மணிக்கு மின்சாரம் போகும் என்று பார்த்து மீனுக்கு ஐஸ் வாங்கி வைக்கிற தீவுக்காரரின் பெயர் அதில் எங்கும் வரவில்லை.

சீனாவின் பட்டுப்பாதைக்குப் பதிலாக மேற்கு நாடுகள் ஏதோ கொண்டுவந்தார்களே?

2013இல் சீனா, பழைய பட்டுப்பாதையை நினைவூட்டி, பல நாடுகளில் சாலை, ரயில், துறைமுகம் கட்டும் ‘ஒரே பட்டி ஒரே பாதை’த் திட்டத்தைத் தொடங்கியது. 2022 ஜூனில் ஜி7 நாடுகள் உலக உள்கட்டமைப்புக்கு 2027க்குள் 60,000 கோடி டாலர் திரட்டுவதாக அறிவித்தன. அதில் பெரும்பகுதி அரசுப் பணம் இல்லை, தனியார் முதலீட்டாளர்கள் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு. தூத்துக்குடியிலோ திருகோணமலையிலோ ஏதாவது எழுகிறதா என்று பார்த்துத்தான் இந்த மாதிரி எண்களை நான் மதிப்பேன்.

மதுரை எய்ம்ஸ் ஏன் இவ்வளவு தாமதம்?

மற்ற பல எய்ம்ஸ்கள் ஒன்றிய பட்ஜெட் பணத்தில் கட்டப்பட்டன. மதுரைக்கு ஜைக்கா கடன் என்று முடிவானது. 2019 ஜனவரி 27இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 மார்ச்சில். பிரதானக் கட்டுமானம் தொடங்கியது 2024இல். முதலில் 1,264 கோடி என்றிருந்த மதிப்பீடு 1,977.8 கோடியானது. முதல் அணி மாணவர்கள் 2022இல் சேர்ந்தபோது அவர்களுக்கு இடம் தந்தது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி.

கடன் தரும் அமைப்புக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் ஆய்வு, பிறகு மதிப்பீடு, கையெழுத்து, வடிவமைப்பு ஆலோசகர், கடைசியாக டெண்டர். எதையும் தாண்ட விடமாட்டார்கள். அது நல்லதுதான். ஆனால் அந்த வரிசை முடியும் முன்பே அடிக்கல் நாட்டினால் ஜனங்கள் வருடக்கணக்கில் வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நல்லபடியாக முடிந்தது என்று ஒன்றையாவது சொல்ல முடியுமா?

ஒகேனக்கல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் முளைக்கும்போதே பழுப்புக் கறையோடு முளைக்கும். வயது ஏற ஏற மூட்டு இறுகும், முதுகு வளையும். போர்வெல்லை ஆழமாகப் போட்டால் இந்த விஷம் போய்விடாது. காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொண்டுவருவதுதான் வழி. 2008இல் ஜப்பான் கடன் கையெழுத்தானது, திட்ட மதிப்பு 1,928.80 கோடி ரூபாய். 2013 மே மாதம் திறந்துவைத்தார்கள். கோடையில் தண்ணீர் குறைகிறது என்ற புகார் கிராமங்களில் வரத்தான் செய்கிறது. இருந்தாலும் கடன் வாங்குவதற்கு இதைவிடச் சரியான காரணம் எனக்குத் தெரியாது.

கடன் கொடுத்தவர்மேல் பாதிக்கப்பட்டவர் புகார் சொல்லலாமா?

சொல்லலாம். அந்த உரிமை இந்திய மக்கள் போராடி உலகத்துக்கு வாங்கித் தந்தது என்பதைப் பெருமையாகவே சொல்கிறேன். நர்மதையில் சர்தார் சரோவர் அணைக்கு 1985இல் உலக வங்கி 45 கோடி டாலர் ஒதுக்கியது. ஊரோடு மூழ்கப்போகிறவர்கள் எதிர்த்தார்கள். வங்கி அமைத்த சுயேச்சைக் குழுவே 1992இல் மறுவாழ்வு ஏற்பாடுகள் போதாது என்று எழுதியது. 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்று இந்திய அரசு சொல்லிவிட்டது. அதே ஆண்டில் உலக வங்கி, பாதிக்கப்பட்டவர் நேரடியாக முறையிடும் ஆய்வுக்குழுவை அமைத்தது. இன்று ஆசிய வளர்ச்சி வங்கி, ஜைக்கா, ஆசிய உள்கட்டமைப்பு வங்கி எல்லாவற்றிலும் இப்படி ஒரு கதவு இருக்கிறது.

நீதிமன்றம் போவது கடினம். குஜராத் முந்த்ராவில் அனல்மின் நிலையத்தால் மீன்பிடி கெட்டது என்று மீனவர்கள், அதற்குக் கடன் தந்த உலக வங்கிக் குழும நிறுவனத்தின்மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு வழக்கிலிருந்து முழு விலக்கு கிடையாது என்று 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சம்பவம் நடந்தது இந்தியாவில் என்று காரணம் காட்டிக் கீழ் நீதிமன்றங்கள் பிறகு வழக்கைத் தள்ளிவிட்டன.

எங்கள் தெருவில் சுரங்கம் தோண்டுகிறார்கள். வீட்டுச் சுவரில் விரிசல் விட்டால் என்ன செய்வது?

வேலை ஆரம்பிக்கும் முன்பே வீட்டை நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், தேதி தெரிகிற மாதிரி. விரிசல் வந்தால் முதலில் வேலைத்தள அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அடுத்தது திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு. கடன் கொடுத்த வங்கி, ‘முதலில் அங்கே கேட்டீர்களா’ என்றுதான் கேட்கும், அதனால் இந்த இரண்டு படியையும் தாண்டாதீர்கள்.

அங்கே பதில் இல்லை என்றால் உங்கள் பகுதிக்குக் கடன் தந்தது யார் என்று பாருங்கள். ஆசிய வளர்ச்சி வங்கி என்றால் குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து புகார் கொடுக்க வேண்டும், கடன் பணம் வழங்கும் கணக்கை வங்கி முடித்து இரண்டு ஆண்டு ஆகியிருக்கக் கூடாது. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதில்லை. உறுப்பு நாடுகளின் ஆட்சிமொழியில் எழுதினாலும் வாங்கிக்கொள்வார்கள். இலங்கையின் ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. அதனால் தமிழிலேயே எழுதுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.